ஸ்பெயினின் கிராமப் பாட்டும் ஆலன் லோமாக்ஸின் டேப் மெஷினும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1952 ஜூன் முதல் 1953 ஜனவரி வரை, ஏறக்குறைய ஏழு மாதம், ஓர் அமெரிக்கர் கனமான டேப் மெஷினோடு ஸ்பெயின் முழுக்கச் சுற்றினார். போகும்போது அந்த நாட்டுப் பாட்டைப் பற்றி அவருக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. திரும்பி வந்தபோது, ஸ்பெயினுக்கு வெளியே யாரும் கேட்டிராத குரல்கள் அவர் பெட்டியில் இருந்தன. இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளையும் என் பதில்களையும் ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறேன்.

யார் இந்த ஆலன் லோமாக்ஸ்? பாடகரா, ஆராய்ச்சியாளரா?

இரண்டும்தான். 1915-ல் டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டினில் பிறந்தவர். அப்பா ஜான் லோமாக்ஸும் பாட்டுச் சேகரிப்பவர். 1933-ல் பதினெட்டு வயதுப் பையனாக அப்பாவோடு காரில் கிளம்பி, தென்மாநிலச் சிறைகளில் கறுப்பினக் கைதிகளின் பாட்டைப் பதிவு செய்தார். லெட் பெல்லி என்ற மகா பாடகரை லூசியானாவின் அங்கோலா சிறையில் கண்டது அந்தப் பயணத்தில்தான். 1941-ல் மிசிசிப்பியில் புளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸை முதன்முதலாகப் பதிவு செய்த குழுவிலும் இவர் இருந்தார்.

கிட்டாரை எடுத்து இவரே பாடவும் செய்வார். 1956-ல் லண்டனில் ஈவன் மெக்கால், பெகி சீகர் போன்றவர்களோடு ‘ராம்ப்ளர்ஸ்’ என்றொரு குழுவே வைத்திருந்தார். அந்தப் பாட்டுகளைக் கேட்டால், மனிதர் மைக்கை மற்றவர்கள் பக்கம் திருப்பிவைத்ததே நல்லது என்று எனக்குத் தோன்றும். ஆனால் தானே பாடுகிறவர் என்பதால்தான் முன்பின் தெரியாத ஊரில் போய் உட்கார்ந்து, அரை மணி நேரத்தில் எதிரே இருப்பவரைப் பாடவைக்க அவரால் முடிந்தது.

அமெரிக்கருக்கு ஸ்பெயினில் என்ன வேலை?

1950-ல் அமெரிக்காவில் ஒரு சிறு நூல் வெளிவந்தது. வானொலி, தொலைக்காட்சி, பாட்டு, நாடகம் ஆகிய துறைகளில் கம்யூனிஸ்ட் சாய்வு உள்ளவர்கள் என்று 151 பேரின் பெயரை அச்சடித்துப் போட்டிருந்தார்கள். அதில் லோமாக்ஸ் பெயரும் உண்டு. பெயர் வந்தால் வேலை போகும் என்பது அந்தக் காலத்து நிலைமை. அதே ஆண்டு செப்டம்பரில் அவர் ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறினார். 1958 வரை திரும்பவில்லை.

பயந்து ஓடினார் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. கையில் உண்மையான வேலையும் இருந்தது. 1948-ல் கொலம்பியா நிறுவனம் எல்பி தட்டை அறிமுகப்படுத்தியிருந்தது. பழைய தட்டில் பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம்தான் பிடிக்கும். எல்பியில் ஒரு நாட்டின் பாட்டையே ஒரு தட்டில் அடக்கிவிடலாம். அப்படி நாட்டுக்கொரு தட்டாக உலக நாட்டுப்பாடல் வரிசை ஒன்றைக் கொண்டுவரலாம் என்ற லோமாக்ஸின் யோசனைக்குக் கொலம்பியா சம்மதித்திருந்தது. ஸ்பெயினுக்கும் ஒரு தட்டு இருந்தால்தான் வரிசை வெளிவரும் என்று அப்புறம் ஒரு நிபந்தனை போட்டார்கள். ஸ்பெயினை அப்போது ஆண்ட பிராங்கோவின் சர்வாதிகாரம் என்றாலே அவருக்குக் கசக்கும். அந்தக் கசப்பை விழுங்கிக்கொண்டு கிளம்பினார். தானே பதிவு செய்யும் எண்ணம் அப்போது கிடையாது. யாராவது ஒரு ஸ்பானிய அறிஞரைப் பிடித்து, அவர் தலையில் வேலையைக் கட்டிவிட்டுத் திரும்பிவிடலாம் என்பதுதான் திட்டம்.

மயோர்காவில் என்னதான் நடந்தது?

1952 ஜூனில் மயோர்காத் தீவின் பால்மா நகரில் நாட்டார் கலை மாநாடும் விழாவும் நடந்தன. அங்கே அவர் அணுகியவர் மாரியுஸ் ஷ்னைடர். ஜெர்மானியர், பார்சிலோனாவில் இருந்த இசையியல் நிறுவனத்தில் நாட்டுப்பாடல் பிரிவுக்குப் பொறுப்பாளர். லோமாக்ஸ் பின்னாளில் எழுதியபடி, மதியச் சாப்பாட்டு மேசையில் ஷ்னைடர் சொன்னது இதுதான்: எந்த ஸ்பானிய இசை அறிஞரும் உமக்கு உதவாதபடி நானே பார்த்துக்கொள்வேன், ஊரைப் பார்த்துக் கிளம்புங்கள்.

லோமாக்ஸிடம் அப்போது இருந்தது ஒருசில டேப் சுருள். ஸ்பெயினைப் பற்றி ஆராய்ச்சிப் பின்புலம் கிடையாது. ஆனால் அந்த மேசையிலேயே முடிவெடுத்தாராம்: ஆயுள் முழுக்க ஆனாலும் சரி, இந்த நாட்டின் பாட்டைப் பதிவு செய்யாமல் விடுவதில்லை. அந்தக் கோபம் இல்லாவிட்டால் ஸ்பெயின் தட்டு ஏதோ ஒரு நிறுவன அலமாரியில் இருந்த பதிவுகளை வைத்து ஒப்பேற்றப்பட்டிருக்கும்.

ஷ்னைடர் உண்மையிலேயே நாஜியா?

‘போருக்குப் பிறகு ஸ்பெயினுக்குத் தப்பி வந்த நாஜி’ என்று லோமாக்ஸ் 1960-ல் ஒரு பத்திரிகைக் கட்டுரையில் எழுதினார். அதை அப்படியே நம்பித் திருப்பிச் சொல்கிறவர்கள் நிறையப் பேர். கொஞ்சம் நிதானிக்க வேண்டும். பெர்லின் ஒலிக்காப்பகத்தின் தலைவராக இருந்த ஹோர்ன்போஸ்டெல், யூத வம்சாவளி காரணமாக 1933-ல் வெளியேற்றப்பட்ட பிறகு அந்த இடத்துக்கு ஷ்னைடர் வந்தார் என்பது சரி. ஆனால் அவர் பார்சிலோனாவுக்கு வந்தது 1944-ல், போர் முடிவதற்கு முன்பே. அழைத்தவர் அந்த நிறுவனத்தின் இயக்குநர் ஹிகினி ஆங்கிளெஸ். நாஜி ஆட்சியோடு ஷ்னைடருக்கு இருந்த உறவு எப்படிப்பட்டது என்பதில் ஆய்வாளர்கள் ஒருமித்துச் சொல்வதில்லை. சம்பவம் நடந்த ஆண்டையே 1953 என்று தவறாக எழுதிய கட்டுரை அது. லோமாக்ஸ் நல்ல கதைசொல்லி. நல்ல கதைசொல்லிகளிடம் தேதி கேட்கக் கூடாது.

ஸ்பெயின் என்றால் ஃபிளமென்கோதானே?

இல்லை, இதைத்தான் அதிகமாக விளக்க வேண்டியிருக்கிறது. ஃபிளமென்கோ தெற்கே அந்தலூசியாவின் கலை. பக்கத்தில் எஸ்த்ரமதூராவிலும் முர்சியாவிலும் வேர் உண்டு. 2010-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. சுற்றுலா சுவரொட்டிகள் அதையே நாடு முழுக்கப் பூசிவிட்டன. வடக்கே போனால் வேறு உலகம். கலீசியாவில் பேக்பைப் ஊதுகிறார்கள். பாஸ்க் நாட்டில் ஒரே ஆள் இடது கையால் மூன்று துளைக் குழலை ஊதிக்கொண்டு, அதே இடது கையில் தொங்கும் சிறு மத்தளத்தை வலது கையால் அடிக்கிறார். அரகோனில் ஹோத்தா என்ற துள்ளல் ஆட்டம்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது அடுப்பங்கரை வாத்தியங்கள். பல ஊர்களில் தாளத்துக்கு என்று தனியாக எதுவும் வாங்குவதில்லை. சோம்பு மதுப் பாட்டிலின் கண்ணாடியில் வைர வைரமாகப் புடைப்பு இருக்கும். அதைக் கரண்டிக் காம்பால் உரசினால் சரசரவென்று தாளம். பித்தளை உரலில் குழவியைச் சுழற்றினால் மணி மாதிரி. கலீசியாவில் கடல் சிப்பி ஓடுகள் இரண்டை முதுகோடு முதுகு தேய்க்கிறார்கள். அஸ்தூரியாஸ் மலைகளில் மாடு மேய்க்கும் வக்கெய்ரோக்கள் நீளக் காம்பு வைத்த இரும்பு வாணலியை வீட்டுச் சாவியால் தட்டுவார்கள். சாவி என்றால் நம் பீரோ சாவி இல்லை, ஒரு முழங்கை அளவுக்குக் கொஞ்சம்தான் குறைவு.

மொழியும் ஒன்றல்ல. கஸ்தீலிய மொழிதான் வெளியே ‘ஸ்பானிஷ்’. அதோடு கட்டலான், கலீசியன், பாஸ்க் மூன்றும் உண்டு. பிராங்கோ ஆட்சியில் இந்த மூன்றுக்கும் பள்ளிக்கூடத்திலும் அரசு அலுவலகத்திலும் இடமில்லை. லோமாக்ஸின் டேப்பில் நான்கும் இருக்கின்றன.

எப்படிப் பதிவு செய்தார்?

மாக்னகார்ட் என்ற அமெரிக்க டேப் மெஷின். பெட்டி பெட்டியாக வரும், கையில் ஆட்டிக்கொண்டு போகிற சமாசாரம் இல்லை. மின்சாரம் வேண்டும். மைக்கை வைக்க அமைதியான இடம் வேண்டும், கிராமத்தில் அது லேசில் கிடைக்காது. ஆனாலும் டேப் வந்தது பெரிய வசதி. அதற்கு முன்பு அவர் அமெரிக்காவில் பயன்படுத்திய தட்டு வெட்டும் கருவியில், பாடகர் சூடு பிடிக்கும் நேரத்தில் தட்டு தீர்ந்துபோகும். டேப்பில் ஒரு நீண்ட கதைப்பாட்டை நிறுத்தாமல் பிடிக்கலாம். பாட்டு முடிந்ததும் பக்கத்தில் இருக்கும் பாட்டி ‘அந்த வரி அப்படி இல்லை’ என்று சண்டைக்கு வருவதையும் பிடிக்கலாம்.

மயோர்காவில் கதிரடிக்கும் பாட்டும் உழவுப் பாட்டும் எடுத்தார். இபிசாவில் எடுத்ததைக் கேட்டால் முதலில் மெஷின் பழுதோ என்று நினைப்பீர்கள். பாட்டின் அடி முடியும் இடத்தில் பாடகர் தொண்டையை நறுக் நறுக்கென்று மூடித் திறந்து, ‘யெ-யெ-யெ’ என்று ஒரு துடிப்பு கொடுப்பார். கூடவே சிறு மத்தளம். அது அந்தத் தீவுக்கே உரிய முறை. அங்கிருந்து வலென்சியா, முர்சியா, அந்தலூசியா என்று தெற்கைச் சுற்றி, எஸ்த்ரமதூரா வழியாக வடக்கே கலீசியா, அஸ்தூரியாஸ், பாஸ்க் நாடு என்று குளிர்காலம் வரை அலைந்தார். உதவிக்கு ஓர் ஆங்கிலப் பெண் இருந்தார். குறிப்பேடுகளில் பெரும்பகுதி அவர் கைவேலை. அறிஞர்கள் உதவ மாட்டார்கள் என்ற மிரட்டலும் முழுக்கப் பலிக்கவில்லை. ஊர் ஆசிரியர்களும் வட்டார வரலாறு தெரிந்தவர்களும் வழிகாட்டத்தான் செய்தார்கள்.

நல்ல பாடகர் யார் என்று தேடி அலையவே வேண்டியதில்லை என்று பிறகு எழுதினார். யார் நன்றாகப் பாடுவார், எதனால் அவர் பாட்டு ஒசத்தி என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

போலீஸ் பின்தொடர்ந்ததாமே?

ஆம். ‘குவார்தியா சிவில்’ என்பது கிராமப்புறக் காவல்படை. மெழுகுத்துணி போர்த்திய கறுப்புத் தொப்பி அவர்கள் அடையாளம். எந்த மலை இடுக்கில் போய் மெஷினை விரித்தாலும் அவர்கள் வந்து நிற்பார்கள் என்று லோமாக்ஸ் சொல்கிறார். கைது செய்ததில்லை. வந்து நிற்பதே போதும், பாடகர்களுக்குக் குரல் ஒடுங்கிவிடும். உள்நாட்டுப் போர் முடிந்து 13 ஆண்டுதான் ஆகியிருந்தது. உணவு ரேஷன் அந்த 1952-ல்தான் நீக்கப்பட்டது. யார் வீட்டில் யார் காணாமல் போனார் என்பது ஒவ்வொரு தெருவுக்கும் தெரிந்த காலம். வேடிக்கை என்னவென்றால், அமெரிக்காவில் எஃப்பிஐயும் இவர்மீது கோப்பு வைத்திருந்தது. ஒரு பக்கம் கம்யூனிஸ்ட் என்று சந்தேகம். இன்னொரு பக்கம் காரணமே சொல்லாமல் கண்காணிப்பு.

இவருக்கு முன்னால் ஸ்பெயினில் யாருமே சேகரிக்கவில்லையா?

நிறையப் பேர். லோமாக்ஸ் ரசிகர்கள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடுவார்கள், அது நியாயமில்லை. புர்கோஸ் வட்டாரப் பாட்டுகளை ஒல்மேதா என்ற பாதிரியார் 1903-லேயே அச்சிட்டார். சலமான்காவுக்கு லெதேஸ்மா, 1907. பெலீப் பெத்ரெல் 1917 தொடங்கி நான்கு தொகுதி கொண்டுவந்தார். நியூயார்க்கில் பாடற்குழு நடத்திய கூர்ட் ஷிண்ட்லர் என்ற பெர்லின்காரர் 1920களின் கடைசியிலிருந்து சோரியா, ஆவிலா, கசெரெஸ் பக்கமெல்லாம் அலைந்து, ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான மெட்டுகளைச் சேர்த்தார்; 1935-ல் இறந்தார், புத்தகம் 1941-ல்தான் நியூயார்க்கில் வந்தது. லோமாக்ஸை விரட்டிய அதே பார்சிலோனா நிறுவனம் 1944 முதல் 1960 வரை ஆட்களை ஊர் ஊராக அனுப்பி 20,000-க்கும் மேற்பட்ட மெட்டுகளை எழுதி வாங்கியது. எண்ணிக்கையில் லோமாக்ஸ் அவர்கள் கிட்டத்தில்கூட வரமாட்டார்.

வித்தியாசம் ‘எழுதி வாங்கியது’ என்பதில் இருக்கிறது. அவர்கள் கையில் பேனாவும் ஐந்து கோட்டுத் தாளும். இபிசாக்காரர் தொண்டையில் கொடுக்கும் துடிப்பை அந்த ஐந்து கோட்டில் எங்கே வைப்பது? மெட்டு தாளில் வந்துவிடும், பாடியவர் வரமாட்டார். தாளில் இருந்த மெட்டு பிறகு பியானோவுக்கும் கச்சேரி மேடைக்கும் போய் வேறு உடம்பு எடுத்துக்கொண்டது. லோமாக்ஸ் கொண்டுபோனது அந்த ஆளின் தொண்டையையே.

தாளில் இருந்ததும் வீணாகிவிடவில்லை. கவிஞர் கார்சியா லோர்கா 1931-ல் லா ஆர்ஹெந்தினீத்தா என்ற ஆடற்கலைஞரைப் பாடவைத்து, தானே பியானோ வாசித்து, பத்து நாட்டுப்பாடல்களை ஐந்து தட்டுகளில் பதிவு செய்தார். அவர் பாட, அவர் காலணியும் கட்டைத்தாளமும் பின்னால் கேட்கும். உள்நாட்டுப் போர் வந்ததும் அந்த மெட்டுகளுக்குப் புது வார்த்தை ஏறியது. நான்கு கோவேறு கழுதைக்காரர்களைப் பற்றிய காதல் பாட்டு, நான்கு கலகத் தளபதிகளைக் கேலி செய்யும் போர்ப்பாட்டாயிற்று. பல நாடுகளிலிருந்து போரிட வந்த தொண்டர் படையினர் அதை வீட்டுக்கு எடுத்துப்போனார்கள். 1940களின் நடுவில் நியூயார்க்கில் பீட் சீகரும் நண்பர்களும் அந்தப் பாட்டுகளைத் தட்டாகவே போட்டார்கள். பாடியவர்களில் ஒருவர் பெஸ், ஆலன் லோமாக்ஸின் தங்கை. அண்ணன் ஸ்பெயினில் கால் வைக்கும் முன்பே பாட்டு அவர் வீட்டுக்கு வந்தாயிற்று.

லோர்கா 1936-ல் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆர்ஹெந்தினீத்தா 1945-ல் நியூயார்க்கில் இறந்தார். அஸ்தூரியாஸ் பாடல்களைத் தொகுத்த மார்த்தினெஸ் தோர்னெர் லண்டனில் அகதியாக இருந்து 1955-ல் அங்கேயே மறைந்தார். செகோவியாவின் அகபீத்தோ மரசுவேலா நாட்டுச் சீவாளிக்குழல் வித்துவான். தொகுப்புக்காக 1932-ல் தேசியப் பரிசு வாங்கியவர். போர் முடிந்ததும் பல ஆண்டு சிறை. அந்தத் தொகுப்பு நூலாக வந்தது 1964-ல்! ஒரு வெளிநாட்டுக்காரர் வந்து பாட்டைக் காப்பாற்றினார் என்று சொல்லும்போது, காப்பாற்றிக்கொண்டிருந்த உள்ளூர்க்காரர்கள் எங்கே போயிருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பிராங்கோ அரசே நாட்டார் ஆட்டக்குழுக்களை வெளிநாட்டுக்கு அனுப்பியதே?

அனுப்பியது. ஆளுங்கட்சியான ஃபலாங்கேயின் மகளிர் பிரிவு ‘பாடற்குழுக்களும் ஆட்டங்களும்’ என்ற பெயரில் ஊருக்கு ஊர் பெண்கள் குழு அமைத்தது. 1948-ல் தென்னமெரிக்காவுக்குக் கப்பலேற்றினார்கள். போருக்குப் பின் உலகம் ஸ்பெயினை ஒதுக்கி வைத்திருந்த நேரம். பூவேலைப் பாவாடையும் சிரித்த முகமும் அரசுக்கு நல்ல தூதர்கள். அந்தக் குழுக்களால் பல ஆட்டங்கள் மறைந்துபோகாமல் நின்றன என்பதை மறுக்க முடியாது. ஆனால் எல்லாமே இஸ்திரி போட்ட மாதிரி இருக்கும். பால்மா விழா மேடையிலும் இதே வகைக் குழுக்கள்தான். லோமாக்ஸுக்கு மேடை பிடிக்கவில்லை, மேடைக்குப் பின்னால் இருந்த ஊர்களுக்குப் போனார்.

சரி, வெளிநாட்டில் எப்படிப் பரப்பினார்?

மூன்று வழி. முதலில் வானொலி: 1953-ல் பிபிசியில் ஸ்பெயின் பாட்டு நிகழ்ச்சிகள் செய்தார். அடுத்தது கொலம்பியா வரிசையின் ஸ்பெயின் தட்டு, 1955. (அதே வரிசையில் இந்தியத் தட்டும் உண்டு, தொகுத்தவர் ஆலன் தனியேலு, 1950களில் சென்னை அடையாறு நூலகத்துக்குத் தலைமை ஏற்ற பிரெஞ்சுக்காரர்.) மூன்றாவதாக வெஸ்ட்மின்ஸ்டர் என்ற நிறுவனம் வட்டாரம் வட்டாரமாக 11 தட்டுகள் வெளியிட்டது. ஸ்பெயினுக்குள் அப்போது இவை சாதாரணமாகக் கிடைக்கவில்லை. உள்நாட்டுக்காரர்களுக்கு மானுவேல் கார்சியா மாத்தோஸ் 1960-ல் ஹிஸ்பாவோக்ஸ் நிறுவனத்துக்காகத் தொகுத்த இசைத்தட்டுகள்தான் பொக்கிஷம்.

பன்றிக்குக் காயடிப்பவரின் மெட்டை ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் வாசித்தார் என்பது உண்மையா?

உண்மை, இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

கலீசியாவின் ஒவுரென்சே மாவட்டம் ஊர் சுற்றும் தொழிலாளிகளுக்குப் பேர்போனது. ஒற்றைச் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு போகும் சாணை பிடிப்பவர்கள், பன்றிக்குக் காயடிப்பவர்கள் எல்லாரும் அங்கிருந்து கிளம்பித்தான் நாடு முழுக்கப் போவார்கள். காயடிக்காத ஆண் பன்றியின் கறியில் வாடை அடிக்கும், அதனால் வீட்டுக்கு வீடு இவர்கள் தேவைப்பட்டார்கள். ஊருக்குள் நுழையும்போது கூவ மாட்டார்கள். கைக்குள் அடங்கும் மரக்குழல் ஒன்றை உதட்டில் வைத்து ஒரு பக்கமிருந்து மறுபக்கம் இழுப்பார்கள். ஒரே மரக்கட்டையில் வரிசையாக, ஒன்றைவிட ஒன்று ஆழம் குறைந்த துளைகள். ஒரு முனையில் பெரும்பாலும் குதிரைத் தலை செதுக்கியிருக்கும். சர்ரென்று ஸ்வரம் ஏறி இறங்கும். கேட்டதும் வீட்டுக்காரர் பன்றியைப் பிடித்து வைப்பார். வியாபார விளம்பரம், அவ்வளவுதான்.

பராமோந்தாவோஸ் என்ற ஊரில் ஹொசே மரியா ரோட்ரிகேஸ் என்ற காயடிப்பவரை லோமாக்ஸ் பதிவு செய்தார். அவர் வாசித்தது ‘அல்போராதா’ என்ற விடியற்காலை மெட்டு. தொழில் சீட்டிக்கு உள்ளே இவ்வளவு இசை இருக்கிறதா என்று நினைக்க வைக்கும். அது கொலம்பியாவின் ஸ்பெயின் தட்டில் ஏறியது. அந்தத் தட்டு இசையமைப்பாளர் கில் இவான்ஸ் கைக்குப் போனது. 1959 நவம்பரிலும் 1960 மார்ச்சிலும் மைல்ஸ் டேவிஸோடு அவர் பதிவு செய்து, 1960 ஜூலையில் வெளிவந்த ‘ஸ்கெட்சஸ் ஆஃப் ஸ்பெயின்’ இசைத்தட்டில் ‘தி பான் பைப்பர்’ என்ற பெயரில் அதே மெட்டு வருகிறது. ஊமையடைப்பு போட்ட டிரம்பெட்டில் டேவிஸ் அதை மெல்ல மெல்ல இழுக்கிறார். கீழே புல்லாங்குழல்கள் ஒரே சுழற்சியில் சுற்றிக்கொண்டே இருக்கின்றன.

இயற்றியவர் என்று அச்சானது கில் இவான்ஸ் பெயர். ஜாஸ் உலகின் பெரிய தட்டுகளில் ஒன்று அது, லட்சக்கணக்கானோர் கேட்டிருப்பார்கள். ரோட்ரிகேஸ் பெயர் அவர்களில் பத்துப் பேருக்குத் தெரிந்திருந்தால் அதிசயம். இவான்ஸ் பெரிய கலைஞர், அவர் செய்த ஏற்பாடு அபாரம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் அட்டையின் மூலையில் ஒரு வரி சேர்க்க எவ்வளவு மை செலவாகியிருக்கும்?

பாடியவர்களுக்குப் பணம் கிடைத்ததா?

பசி மிகுந்த தெற்கைத் தவிர வேறெங்கும் யாரும் காசு கேட்கவில்லை, விருந்தாளியாகவே நடத்தினார்கள் என்பது லோமாக்ஸ் சொல்வது. அது உண்மையாகவே இருக்கட்டும். கேட்கவில்லை என்பதற்காகக் கொடுக்க வேண்டியதில்லை என்று ஆகிவிடாது. அமெரிக்காவில் லெட் பெல்லி பாட்டுகளில் லோமாக்ஸ் குடும்பம் தங்கள் பெயரையும் பதிப்புரிமையில் சேர்த்துக்கொண்டது பற்றி இன்றும் விமர்சனம் உண்டு. அதே சமயம், நாட்டார் கலைஞருக்கும் பங்கு போக வேண்டும் என்று அந்தக் காலத்தில் பேசியவர்களில் இவரும் ஒருவர். 1983-ல் அவர் தொடங்கிய பண்பாட்டுச் சமத்துவத்துக்கான அமைப்பு, பதிவுகளின் பிரதிகளை எடுத்த ஊர்களுக்கே திருப்பித் தரும் வேலையைச் செய்துவருகிறது. கனடாவின் ஜூடித் கோஹன், பாடகரும் ஆய்வாளருமானவர், ஸ்பெயின் பதிவுகளைப் பதிப்பிக்கும்போது அந்தக் கிராமங்களுக்கே மறுபடி போய், பாடியவர்களையும் அவர்கள் பிள்ளைகளையும் தேடிப் பிடித்தார்.

குரலை வைத்து ஏதோ கோட்பாடு சொன்னாராமே?

தெற்கில் குரல் உச்சத்தில், இறுகி, தனியாளாக ஒலிக்கிறது. வடக்கே போகப் போகத் தாழ்ந்து, தளர்ந்து, கூட்டாகப் பாடுகிறார்கள் என்று கவனித்தார். பெண்கள் எவ்வளவு கட்டுப்பாட்டில் வைக்கப்பட்டிருக்கிறார்களோ அவ்வளவுக்குக் குரல் இறுகுகிறது என்று முடிச்சுப் போட்டார். 1959-ல் கட்டுரையாக எழுதி, 1960களில் உலகப் பாட்டு முழுவதையும் அளக்கும் ‘கான்டோமெட்ரிக்ஸ்’ என்ற பெரிய திட்டமாக வளர்த்தார். அளவுகோல் ரொம்ப முரடு என்று அறிஞர்கள் குறை சொன்னார்கள். என் காதுக்கு முதல் பாதி சரி, இரண்டாம் பாதி அவசரம்.

இன்று யாராவது இந்த வேலையைச் செய்கிறார்களா?

செய்கிறார்கள். நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் ஹோவாகின் தீயாஸ் பெயரில் வய்யதோலித் மாவட்டத்தின் ஊருவேன்யா என்ற சிற்றூரில் ஓர் அறக்கட்டளையே இருக்கிறது. மாட்ரிட்டுக்கு வடக்கே போகிறவர்கள் எட்டிப் பார்க்கலாம். எலிசேயோ பார்ரா ஊர்ப் பாட்டிகளிடம் கற்ற தாளங்களை மேடைக்குக் கொண்டுவந்தார். கலீசியாவின் தன்ஷுகெய்ராஸ் மூவரும் கஞ்சிரா மாதிரியான பறையை அடித்துக்கொண்டு 2022-ல் தொலைக்காட்சிப் போட்டியையே கலக்கினார்கள். பாட்டு கலீசிய மொழியில்.

எங்கே கேட்கலாம்? எதிலிருந்து தொடங்குவது?

லோமாக்ஸ் சேகரிப்பு 2004-ல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்குப் போனது. அவர் அமைப்பு 2012 முதல் ஆயிரக்கணக்கான பதிவுகளை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. ஸ்பெயின் பகுதியில் அவர் எடுத்த புகைப்படங்களும் உண்டு.

பாடகர் பெயரைப் போட்டுத் தேடாதீர்கள், உங்களுக்கு யாரையும் தெரியாது. ஊர்ப்பெயர் வழியாக உள்ளே போங்கள். முதலில் இபிசா, ஹெட்போனில். பிறகு மயோர்காவின் கதிரடிக்கும் பாட்டு. அஸ்தூரியாஸில் வாணலித் தாளம் கிடைத்தால் விடாதீர்கள். கடைசியாக ஒவுரென்சே போய் ரோட்ரிகேஸின் குழலைக் கேளுங்கள். மைல்ஸ் டேவிஸை அதற்கு அப்புறம் போடுங்கள். நான் வரிசை மாற்றிக் கேட்டுவிட்டேன். அதனால் இன்றுவரை எனக்கு அந்தக் காயடிப்பவர் ஏதோ டிரம்பெட்டை அவசரமாக வாசிக்கிற மாதிரியே கேட்கிறது.